.315 ரைபிளில் காலி கேஸ் சிக்குகிறது, அடுத்த ரவுண்டு ஏறவில்லை: எக்ஸ்ட்ராக்டரா, மேகசினா?

கேள்வி – 23 ஜூன் 2024

தாத்தா காலத்து இஷாப்பூர் .315 ரைபிள். லைசென்ஸ் இப்போது என் பெயரில். நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச்சில் ஸ்டேஷனில் ஒப்படைத்தது, இந்த மாதம்தான் கைக்கு வந்தது. இன்று ரேஞ்சுக்குக் கொண்டு போனேன். முதல் ரவுண்டு (தோட்டா) சரியாக வந்தது. இரண்டாவது சுட்டதும் போல்ட்டின் (பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் பூட்டு) கைப்பிடி மேலே எழவில்லை, உள்ளங்கையால் தட்டித்தான் தூக்கினேன். மூன்றாவதில் போல்ட் வெறுமனே பின்னால் வந்துவிட்டது, காலி கேஸ் (சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு) சேம்பரிலேயே, அதாவது தோட்டா உட்காரும் அறையிலேயே, நின்றுவிட்டது. தெரியாமல் போல்ட்டை முன்னால் தள்ள, அடுத்த ரவுண்டு அதன் முதுகில் முட்டி நின்றது. அதையெல்லாம் எடுத்துவிட்டு மேகசினை மறுபடி நிரப்பினால் மேல் ரவுண்டு மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நகர மறுக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் (கேஸின் விளிம்பைக் கொக்கியால் பிடித்து இழுக்கும் துண்டு) ஸ்பிரிங் போய்விட்டது என்கிறார் நண்பர். தெரிந்த லேத்துக்காரர் ஒருவர், எக்ஸ்ட்ராக்டர் கொக்கியை அரம் போட்டு ஆழமாக்கி, மேகசின் உதட்டை (ரவுண்டைப் பிடித்து நிறுத்தும் மேல்வாய் மடிப்பு) பிளையரால் நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில் – 23 ஜூன் 2024, இரவு

அரம் வேண்டாம். பிளையரும் வேண்டாம்.

இரண்டாவது, மூன்றாவது ரவுண்டின் காலி கேஸ்கள் கையில் இருக்கின்றனவா? ரேஞ்சில் போட்டுவிட்டு வந்திருந்தால் திரும்பப் போய்ப் பொறுக்குங்கள். கேஸின் அடிப்பக்கம், விளிம்பு, உடம்பு மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கோக்காவைப் பார்க்காமல் துப்பாக்கிக்கு வைத்தியம் சொல்ல முடியாது. (பட்டாளத்தில் காலி கேஸுக்குக் கோக்கா என்றுதான் பெயர். எனக்கு அதுவே வாயில் வரும்.)

24 ஜூன் 2024

படம் வருவதற்குள் ஒன்று. இங்கே பாதிப் பேர் "கேஸ் வரவில்லை, அதனால் எக்ஸ்ட்ராக்டர்" என்று எழுதிவிட்டீர்கள். வெடித்ததும் பித்தளைக் கேஸ் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விட்டுக்கொடுக்கும். அந்த மிச்சப் பிடியை உடைப்பது கொக்கி இல்லை, கைப்பிடி. நீங்கள் அதை மேலே தூக்கும்போதே சாய்வான பரப்பு ஒன்று போல்ட்டைக் கொஞ்சம் பின்னுக்கு நெம்புகிறது. இறுகிப்போன ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகி முதல் பிடியை விடுவிப்பது போலத்தான். அந்த முதல் நெம்பில் கேஸ் விட்டுவிட்டால், மிச்சத் தூரத்துக்குக் கொக்கி சும்மா கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

ஆகவே கைப்பிடி எழவே இல்லை என்றால் அது கொக்கியின் குறை இல்லை. ஒன்று சேம்பர், இல்லையென்றால் தோட்டா.

இதில் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டின் வம்சத்து ரைபிளுக்கு (.315 அந்த ஆக்‌ஷன்தான்) ஒரு வசதி உண்டு. ஜெர்மன் ரைபிளான மௌசர் 98-இல் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்பிரிங்கும் சேர்ந்து இறுகும். அதனால் கனம் ஸ்பிரிங்கினாலா கேஸினாலா என்று கைக்குத் தெரியாது. லீயில் ஸ்பிரிங் இறுகுவது போல்ட்டை மூடும்போது. திறக்கும்போது கை உணரும் கனம் அநேகமாக முழுக்க கேஸின் கனம். காலி சேம்பரில் திறந்து மூடிப் பாருங்கள், விரல் நுனியால் எழும். சுட்ட பிறகு மட்டும் கனத்தால் உங்கள் கை பொய் சொல்லவில்லை.

24 ஜூன் 2024, மாலை

"அப்படியானால் எக்ஸ்ட்ராக்டரைப் பார்க்கவே வேண்டாமா" என்று கேட்டவருக்கு. பார்க்கலாம், சோதனை சுலபம். போல்ட்டை வெளியே எடுத்து, காலி கேஸ் ஒன்றின் விளிம்பைக் கொக்கிக்குக் கீழே நுழையுங்கள். போல்ட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கேஸ் தொங்கிக்கொண்டே நின்றால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. பொத்தென்று விழுந்தால் உடனே ஸ்பிரிங் வாங்க ஓடாதீர்கள். கொக்கி உட்காரும் பள்ளத்தில் பித்தளைத் துருவலும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும், கொக்கி கீழே இறங்க இடமே இருக்காது. மண்ணெண்ணெயில் நனைத்த பல்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். என்னிடம் "ஸ்பிரிங் போச்சு" என்று வந்ததில் பாதிக்கு மேல் இந்த அழுக்குதான்.

சோதனைக்குக் காலி கேஸ் மட்டும். உயிருள்ள ரவுண்டை வைத்து வீட்டில் போல்ட் விளையாட்டு கூடவே கூடாது. அடிக்கடி ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டுமானால் மருந்தில்லாத டம்மி ரவுண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

26 ஜூன் 2024

படங்கள் வந்தன, நன்றாக எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது ரவுண்டின் கோக்காவில் எனக்குத் தெரிவது இது.

விளிம்பில் ஓரிடத்தில் பிறை வடிவத்தில் பித்தளை கடிபட்டிருக்கிறது. கொக்கி பிடித்திருக்கிறது, இழுத்திருக்கிறது, கேஸ் அசையாததால் விளிம்பைக் கிழித்துக்கொண்டு நழுவியிருக்கிறது. கொக்கியோ ஸ்பிரிங்கோ பலவீனமாக இருந்தால் விளிம்பு கன்னி கழியாமல் பளபளவென்று இருக்கும். இந்த ஒரு கடியே நண்பரின் ஸ்பிரிங் கட்சியைத் தோற்கடித்துவிட்டது. இந்தக் கொக்கியை அரம் போட்டு ஆழமாக்கியிருந்தால் அடுத்த முறை விளிம்பு முழுசாகக் கிழிந்திருக்கும், கேஸ் அங்கேயேதான் நின்றிருக்கும்.

அடுத்து உடம்பு. ஒரு பக்கத்தில் மட்டும், அடியிலிருந்து தோள்வரை நீளவாக்கில் கீறல்கள், அவற்றுக்கிடையே புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு. சேம்பர் சுவரில் பள்ளம் இருந்தால் வெடிக்கும்போது பித்தளை அதற்குள் பிதுங்கி அச்சு எடுத்துக்கொள்ளும். இழுக்கும்போது அந்தப் புடைப்புகள்தான் உரசி நீளக் கீறல் போடும். கீறலோரத்துப் பழுப்புக் கறை வேறென்ன, துருதான்.

கேஸ் அடியின் நடுவில் இருக்கும் வெடிப்பொட்டு, அதாவது பிரைமரைப் பாருங்கள். ஓரம் உருண்டையாகத்தான் இருக்கிறது, தட்டையாகிப் பரவவில்லை. அதனால் தோட்டாவில் அழுத்தம் கூடிப்போனது என்ற சந்தேகத்தை இப்போதைக்கு ஓரம் வைக்கலாம். ஒருவர் கேட்டிருந்தார், தோட்டாப் பெட்டியை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைத்தால் என்ன ஆகும் என்று. மருந்து சூடேறினால் அழுத்தம் ஏறும், கேஸ் கூடுதலாக இறுகும். நம் ஊர் மே மாதத்தில் அது நிஜமான காரணம். ஆனால் இந்தக் கோக்கா அந்தக் கதையைச் சொல்லவில்லை.

ஒரு பக்கம் மட்டும் ஏன்? ரைபிளைப் பல வாரம் படுக்க வைத்திருந்தால் ஈரமும் எண்ணெயும் கீழ்ப்பக்கம்தான் இறங்கித் தேங்கும். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று கோக்காவைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

26 ஜூன் 2024, இரவு

"ஸ்டேஷனில் வைத்ததால்தான் கெட்டது" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். மூன்று மாத ஈரம் ஒரு பங்குதான். தாத்தா கடைசியாகச் சுட்டுவிட்டு எப்படித் துடைத்து வைத்தார் என்பது இன்னொரு பங்கு. பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்ததும் பேரலிலும் சேம்பரிலும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்புப் படியும். உப்புக்கு வேலை என்ன, காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது. மேலே எண்ணெய் பூசினால் உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். உப்பைக் கரைப்பது தண்ணீர்.

அதனால்தான் .303 (லீ-என்ஃபீல்டின் ராணுவத் தோட்டா) காலத்தில் துப்பாக்கியைக் கழுவினார்கள். சேம்பர் பக்கம் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, முன்வாய் வழியாக வடியவிட்டு, சூட்டிலேயே இரும்பு உலர்ந்ததும் சிந்தித் துணியால் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். நான் ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக (ஆயுதம் பழுது பார்ப்பவர்) சேர்ந்தபோது எங்கள் கைக்கு வந்த .303 எல்லாம் பயிற்சிக்கும் என்.சி.சி.க்கும் ஒதுக்கப்பட்டவை. ஒழுங்காகக் கழுவின ரைபிளையும் எண்ணெய் மட்டும் தடவின ரைபிளையும் சேம்பருக்குள் ஒரு டார்ச் அடித்தே பிரித்துவிடுவோம்.

இந்தக் கழுவல் உப்பு விடும் பழைய பிரைமருக்குத்தான். இன்றைய ஸ்போர்ட்டிங் தோட்டா பெரும்பாலும் அந்த வகை இல்லை. எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கழுவிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கெட்ட பேரலை நான் பார்த்ததில்லை, உலர்த்தாமல் விட்டுக் கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

27 ஜூன் 2024

சிந்தி என்றால் என்ன என்று ஒரு தம்பி. என்.சி.சி. போகாதவர் போல. துப்பாக்கி துடைக்கும் துணித் துண்டு. துடைப்பதற்கு நாலுக்கு இரண்டு அங்குலம், எண்ணெய் போடுவதற்கு நாலுக்கு ஒன்றரை. அதைக் கண்ணியில் மாட்டிப் பேரலுக்குள் இழுக்கும் கயிறு புல்துரு. ஆங்கிலத்தில் புல்-த்ரூ, பட்டாள வாயில் புகுந்து அப்படி ஆனது. சிந்தி தீர்ந்துபோனால் கேடட்டுகள் சொந்த பனியனைக் கிழிப்பார்கள். கனத்த பனியன் துணி பேரல் நடுவில் மாட்டிக்கொள்ளும், கயிறும் அறுந்துவிடும். அதற்கப்புறம் ஹவில்தாரின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுதினால் என் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

28 ஜூன் 2024

"சேம்பரில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் கேஸ் வழுக்கிக்கொண்டு வராதா?"

வரும். அதுதான் ஆபத்து. வெடிக்கும் நொடியில் கேஸ் சுவரைக் கவ்விப் பிடிப்பதால் பின்னோக்கிய விசையில் ஒரு பங்கைச் சேம்பர் சுவரே வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி போய்விடும், முழு விசையும் போல்ட் முகத்தில் இறங்கும். லீயில் போல்ட்டைப் பூட்டும் லக்குகள் (புடைப்புகள்) இருப்பது பின்பக்கம். மௌசர் மாதிரி சேம்பருக்குப் பக்கத்தில் இல்லை. போல்ட் முழு நீளத்துக்கும் அந்த விசையைத் தாங்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆக்‌ஷனைச் சோதிக்க வேண்டுமென்றே எண்ணெய் தடவிய தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பார்கள். அது சோதனை, நீங்கள் தினமும் செய்யும் காரியம் இல்லை.

அலமாரியில் வைக்கும்போது சேம்பரில் எண்ணெய் இருக்கட்டும். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரமான தோட்டாவுக்கும் இதே கதைதான், துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

30 ஜூன் 2024

இனி மேகசின். கேள்வியில் இரண்டு வேறு வேறு சிக்கல்கள் ஒன்றாக முடிந்து கிடக்கின்றன. முதலாவது, அடுத்த ரவுண்டு காலி கேஸில் முட்டியது. அதற்கும் மேகசினுக்கும் சம்பந்தமே இல்லை. சேம்பரில் ஆள் இருந்தால் அடுத்தவர் எங்கே நுழைவார்? காலி கேஸ் வந்திருந்தால் அந்தச் சிக்கலே கிடையாது.

இரண்டாவது, மறுபடி நிரப்பிய பிறகு மூக்கு கவிழ்ந்தது. இது வேறு ரகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இருக்கும் ரவுண்டின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. .315-உம் .303 போலவே விளிம்புத் தோட்டா. அடியில் தட்டு மாதிரி விளிம்பு வெளியே நீட்டியிருக்கும். போல்ட் மேல் ரவுண்டை முன்னால் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ் ரவுண்டின் விளிம்பைத் தாண்ட வேண்டும். மேலே இருப்பது முன்னால் இருந்தால் தடையே இல்லை. பின்னால் இருந்தால் கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்க்கும், இரண்டும் சேர்ந்து மூக்கைக் கவிழ்க்கும். ரிம் லாக் என்பது இதுதான்.

கையால் நிரப்பும் முறை: ஒரு ரவுண்டை அழுத்தி இறக்கியதும் அதைப் பின்சுவர்வரை தள்ளிவிடுங்கள். அடுத்ததை வைக்கும்போது அதன் விளிம்பு கீழ் விளிம்புக்கு முன்னால் இறங்குகிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு படி தட்டுப்பட வேண்டும். பின்பக்கம் படி தட்டினால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். மேகசின் நிறைந்ததும் மேல் ரவுண்டை விரலால் சற்று முன்னால் தள்ளிப் பாருங்கள், தனியாக நகர வேண்டும். கூடவே இன்னொன்றும் அசைந்தால் உள்ளே எங்கோ மாட்டியிருக்கிறது.

பட்டாளத்து .303-க்கு ஐந்து ரவுண்டு சார்ஜர் கிளிப், ஐந்தையும் ஒரே தள்ளில் நிரப்பும் தகடு. அதில் விளிம்புகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்குவது இதற்காகத்தான். அந்த அடுக்கில் கிளிப்பை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஓடும். கிளிப்பை அவசரத்தில் தப்பாக அடுக்கியவன் ரேஞ்சில் மாட்டிக்கொண்டு முழிப்பான், துப்பாக்கியைத் திட்டுவான்.

30 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

உதட்டைப் பிளையரால் நிமிர்த்துவது பற்றிச் சொல்லாமல் விட்டேன். லீ மேகசின் உருவி எடுக்கத்தான் வரும், ஆனால் ஒரு ரைபிளின் மேகசின் இன்னொன்றில் ஒழுங்காக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உதடு கொஞ்சம் திறந்தால் ரவுண்டு சீக்கிரம் மேலே குதிக்கும், கொஞ்சம் மூடினால் போல்ட் தலை விளிம்பின் மேல் ஏறி ஓடிவிடும். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு முடி அகலம். ஆர்மரர் அதைச் செய்வார், டம்மி ரவுண்டு போட்டு ஓட்டிப் பார்த்துப் பார்த்து. ரிம் லாக்கை உதட்டுக் கோளாறு என்று நினைத்து வளைத்தால் நல்லா இருந்த மேகசினும் போச்சு.

உதட்டில்தான் கோளாறு என்று எப்போது நம்பலாம்? சரியாக அடுக்கிய பிறகும், எல்லா ரவுண்டும் ஒரே பக்கம் ஒரே இடத்தில் மாட்டினால். எந்த ரவுண்டு எங்கே உரசுகிறது என்று பார்க்க டம்மியின் உடம்பில் கறுப்பு மார்க்கர் பேனாவைத் தேய்த்து ஓட்டுங்கள், அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

3 ஜூலை 2024

ஒருவர் வந்து, "லீ எக்ஸ்ட்ராக்டரே ஒரு விளையாட்டுச் சாமான், மௌசர் 98-இன் நீளக் கொக்கிதான் கொக்கி" என்று சண்டைக்கு நிற்கிறார். பெரிய கொக்கிதான், மறுக்கவில்லை. மேகசினிலிருந்து ரவுண்டு எழும்போதே விளிம்பு அதற்குள் சறுக்கி மாட்டிவிடும். ஆனால் அதே மௌசரில் சேம்பருக்குள் ஒற்றை ரவுண்டைப் போட்டுவிட்டு போல்ட்டை ஓங்கி மூடிப் பாருங்கள். கொக்கி விளிம்பைத் தாண்டி ஏறப் படாதபாடு படும், நுனி உடைந்தும் போகும். எல்லா வடிவமைப்பிலும் ஒரு வலி இருக்கிறது.

கொக்கியின் பருமனைவிடப் பெரிய விஷயம் சேம்பருக்கும் கேஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இதற்கு முதல் உலகப்போரில் ஒரு சோகக் கதை உண்டு. கனடாக்காரர்கள் ராஸ் என்ற ரைபிளோடு போனார்கள். கைப்பிடியைத் தூக்கவே வேண்டாம், போல்ட்டை நேரே இழுத்தால் திறக்கும். குறி தவறாத துப்பாக்கி. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் சண்டையில், சேற்றுக்கும் தொடர்ந்து சுட்ட சூட்டுக்கும் நடுவே கேஸ் சிக்க ஆரம்பித்தது. சிப்பாய்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள், செத்துக்கிடந்த பிரிட்டிஷ்காரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். தோட்டாதான் காரணம் என்று ஒரு கட்சி, துப்பாக்கிதான் என்று இன்னொன்று. இரண்டுமே இருந்தன. ராஸின் சேம்பர் இறுக்கமான அளவு, போர்க்கால அவசரத்தில் பிரிட்டனில் செய்த தோட்டா கொஞ்சம் பருமன். அது போக, போல்ட்டை வேகமாக இழுக்கையில் பின் லக் போல்ட் ஸ்டாப்பில் (போல்ட்டை நிறுத்தும் முட்டு) மோதி மோதி நசுங்கி, அப்புறம் பூட்டவும் திறக்கவும் அடம்பிடித்தது. சேம்பரைக் கடைந்து பெரிதாக்கிப் பார்த்தார்கள். 1916-இல் காலாட்படையிடமிருந்து ராஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஸ்னைப்பர்கள் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் தேர்ந்தெடுத்த தோட்டாவை நிதானமாகச் சுடுபவர்கள்.

லீயின் சேம்பர் தாராளமானது. சேறு, மணல் எல்லாம் இருந்தும் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு விலை அடுத்த குறிப்பில்.

4 ஜூலை 2024

விலை என்னவென்றால், கேஸ் நீளும். தாராள சேம்பர், பின்பக்க லக், கூடவே தேய்ந்த போல்ட் என்று சேர்ந்தால் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலிகிறது. ஒரு நாள் அங்கேயே துண்டாகிறது. கொக்கி அடித்துண்டை மட்டும் அழகாக எடுத்து வெளியே எறியும். முன்பாதி ஒரு குழாயாகச் சேம்பரில் நிற்கும். வெளியே கேஸ் விழுந்துவிட்டதே என்று நீங்கள் அடுத்ததை ஏற்றுவீர்கள், அது முக்கால்வாசி போய் நிற்கும். "ஃபீடிங் பிராப்ளம்" என்று எழுதுவீர்கள்.

கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் நண்பர் நேற்றுப் போட்ட படம் சரியாக இதுதான். வெளியே விழுந்த துண்டை அவர் பார்க்கவே இல்லை, ரவுண்டு ஏறவில்லை என்று மேகசினைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து இன்னொரு ரவுண்டை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

துண்டாவதற்கு முன்பே அடையாளம் தெரியும். அடியிலிருந்து கொஞ்சம் மேலே கேஸைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம். சந்தேகம் வந்தால் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மடக்கி, கேஸின் உள்சுவரில் கீழிருந்து மேலே தடவுங்கள். பள்ளம் தட்டினால் அதே பெட்டித் தோட்டாவை நிறுத்திவிட்டு ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டாவின் விளிம்பு தங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்க்கக் கொடுங்கள். .303-க்கு எங்களிடம் .064, .074 அங்குலம் என இரண்டு கேஜ் (அளவுக்கட்டை) இருக்கும். முதலாவதில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. போல்ட் நம்பரும் பாடி நம்பரும் வேறாக இருக்கும் ரைபிளை நான் கேஜ் போடாமல் சுடவே மாட்டேன்.

4 ஜூலை 2024

வேறு ரைபிளின் போல்ட் உபரியாக இருந்ததே, போட்டுக்கொண்டேன் என்று அதற்குள் ஒரு பதில். மேலே எழுதினதை இன்னொரு தரம் படிக்கவும்.

7 ஜூலை 2024

சட்டம் பற்றி இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறீர்கள், சுருக்கமாக. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் தயாரிப்பு, விற்பனையோடு பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. துடைப்பது, எண்ணெய் போடுவது, அழுக்கெடுப்பது உங்கள் வேலை. அரம், கடைசல், உதிரி மாற்றுவது லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்தின் வேலை. லேத்துக்காரர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

".303 வாங்கினால் உதிரி சுலபமாகக் கிடைக்குமே" என்றவருக்கு: அது தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வராது. ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் கட்டுப்பாடு போட்டதால்தான் .315 என்ற ஒன்றே இங்கே வேரூன்றியது. ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவின் வழி வந்தது அது, லீ ஆக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிறது. கலப்புத் திருமணம், ஆனால் நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறது.

21 ஜூலை 2024

கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல். லைசென்ஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டு போயிருக்கிறார். சேம்பரில் நினைத்தபடி துரு, வலது கீழ்ப்பக்கத்தில் கோடு கோடாக. வெண்கல பிரஷ்ஷும் துரு நீக்கும் எண்ணெயும் போட்டு எடுத்திருக்கிறார்கள். எமரி பேப்பரை டிரில்லில் சுற்றிப் பளபளப்பாக்கவில்லை, அதைக் கேட்டு எனக்கு நிம்மதி. டிரில்லில் எமரி போட்டால் துருப்பிடித்த இடத்தோடு நல்ல இடமும் தேயும், சேம்பர் வட்டம் கெடும், பித்தளை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து இன்னும் இறுகும்.

மிச்சம் ஆழமில்லாத சில புள்ளிகள் இருக்கின்றனவாம். இருக்கட்டும். புதிய கோக்காவின் படத்தைப் பார்த்தேன், கீறல் போய்விட்டது, மங்கலாகப் புள்ளி அச்சு மட்டும். கைப்பிடி விரலால் எழுகிறது என்கிறார். ரிம் லாக்கும் அடுக்கும் முறையில் போய்விட்டது. கொக்கி, ஸ்பிரிங், உதடு எதையும் யாரும் தொடவில்லை.

அடுத்த சுடுதலில் அதே பெட்டித் தோட்டாவையும் புதுப் பெட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டு கோக்காக்களைத் தனித்தனிப் பையில் வையுங்கள். புள்ளி அச்சு கூடுகிறதா என்று ஒப்பிட அதுதான் வழி.

22 ஜூலை 2024

அவருடைய புதுப் புகார்: கேஸ் வெளியே வருகிறது, ஆனால் தெறிக்காமல் மேகசின் மேலேயே சோம்பலாக விழுகிறது. எஜெக்டர் (கேஸை வெளியே தெறிக்க வைக்கும் உறுப்பு) மாற்றவா என்கிறார்.

லீயில் எஜெக்டர் என்று தனி யந்திரம் கிடையாது. வெளியே வரும் கேஸ் இடது சுவரை உரசிக்கொண்டே வந்து, கடைசியில் அங்கே நீட்டியிருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவில் முட்டி வலப்பக்கம் போகும். நீங்கள் இழுக்கும் வேகம்தான் அதற்கு உதைப்பு. பூப்போல இழுத்தால் பூப்போலத்தான் விழும். அந்தப் பழைய கேஸ் சிக்கிய பயத்தில் மெதுவாக இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னால் முட்டும்வரை ஒரே மூச்சில் இழுங்கள். அரைகுறையாக இழுத்துத் தள்ளினால் போல்ட் அடுத்த ரவுண்டின் விளிம்புக்குப் பின்னால் வராது, சேம்பர் காலியாகவே மூடும், அதற்கும் மேகசின்தான் திட்டு வாங்கும். முதல் உலகப்போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் 300 கஜத்தில் ஒரு நிமிடத்துக்கு 15 ரவுண்டு குறி பார்த்துச் சுட வேண்டும். இந்த ஆக்‌ஷன் அந்தக் கைவேகத்துக்குப் பழகியது.

வேகமாக இழுத்தும் விழுந்தால், அப்போது ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

11 பிப்ரவரி 2026

இழையை யாரோ தோண்டி எடுத்திருக்கிறார்கள். சட்டமன்றத் தேர்தல் வருகிறது, ஒப்படைக்கும் முன் என்ன செய்வது என்று கேள்வி.

பேரலும் சேம்பரும் முழுக்கச் சுத்தமாகி உலர்ந்த பிறகு கெட்டியான எண்ணெய் ஒரு பூச்சு. போல்ட் முகம், கொக்கிப் பள்ளம், மேகசின் உள்பக்கம் மூன்றையும் மறக்காதீர்கள். முன்வாயில் பஞ்சோ துணியோ அடைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். எடுக்க மறந்து யாராவது சுட்டால் பேரல் வெடிக்கும். தோல் உறையிலும் போடாதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும். ரசீதில் ரைபிள் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். திரும்ப வந்ததும் முதல் வேலை ரேஞ்ச் இல்லை, டார்ச்.

12 பிப்ரவரி 2026

எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் உண்மையிலேயே ஒடிந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்தார், படத்தோடு. ஆமாம் ஐயா, உங்களுடையது ஸ்பிரிங்தான். மடித்த தகடு மாதிரி இருக்கும் அந்தச் சின்னத் துண்டு நடு மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது. கன்ஸ்மித்திடம் போகும்போது போல்ட் ஹெட்டைக் கழற்றாமல் அப்படியே கொண்டு போங்கள். அவர் அந்த ஸ்க்ரூவைத் திருகும்போது கண்ணாடி போட்டிருக்கிறாரா, கீழே ஒரு துணி விரித்திருக்கிறாரா என்று பாருங்கள். எகிறினால் பட்டறை முழுக்கக் குனிந்து தேடவேண்டி வரும், கூட நின்ற பாவத்துக்கு நீங்களும்.

இவ்வளவு பேர் ஸ்பிரிங் ஸ்பிரிங் என்று கத்தியதில் ஒருவருக்காவது பலித்ததே.